ஹுலிகொப்பா கைகாட்டி

பரசு வீட்டுக்கா? மாப்பிள்ளை பார்க்கவா? நல்ல ஊரா பார்த்துத்தான் கெளம்பியிருக்கீங்க அண்ணா. இந்த பஸ் ஹுலிகொப்பாவுக்குள்ளல்லாம் போகாது. கைகாட்டியில எறக்கி விட்டுட்டு அவன் பாட்டுக்குப் போயிருவான். அங்கேருந்து நடைதான். வேட்டிய இப்படி வெள்ளையா கட்டிட்டு வந்திருக்கீங்களே, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள அட்டை ஏறிக் கோலம் போட்ருமே.

பஸ் உள்ள வருதுன்னு யாரு, அந்தப் புரோக்கர் மஞ்சப்பா சொன்னானா? பொய் இல்லீங்க. வந்துச்சு, ஒரே ஒரு நாள். எம்எல்ஏ படியில நின்னு கையாட்டினாரு, தேங்கா ஒடைச்சோம், டிரைவருக்கு மாலை போட்டோம். அப்புறம் பார்த்தா வண்டியத் திருப்ப இடமில்ல. கைகாட்டி வரைக்கும் ரிவர்ஸ்லயே போச்சு. அந்த டிரைவர் மாலையக் கழட்டி ஜன்னல் வழியா வீசிட்டுப் போனான் பாருங்க, அதோட சரி.

ஜனமா? பஞ்சாயத்து போர்டுல இருநூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்கு. எழுதினவன் எங்க நின்னு எண்ணினானோ. பாதிப் பேரு பெங்களூர்ல. மிச்சத்துல பாதி செவுத்துல போட்டோவா தொங்குது. ஓட்டுப் போடறன்னிக்கு மட்டும் எல்லாரும் உசுரோட வந்துருவாங்க. கல்யாணமாகாத ஆம்பளைங்களுக்கு மட்டும் கொறைச்சலே இல்ல. கோயில் வாசல்ல வரிசையா ஒக்காந்து, ரோடு இல்லாததாலதான் நமக்குப் பொண்ணு தரமாட்டேங்கறாங்கன்னு ஒரே பொலம்பல்.

நடுவுல ஓடை ஒண்ணு இருக்கு. ஒரு பாக்கு மரத்த வெட்டிக் குறுக்க போட்ருக்கோம், அதுக்குப் பேரு பாலம். மழை வலுத்தா அதுவும் போயிரும். வெளிய இருக்கறவன் வெளிய, உள்ள இருக்கறவன் உள்ள. உங்க பொண்ணு உள்ள இருப்பா.

என்னங்க சிரிக்கிறீங்க? ரோடு இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும்ங்கறீங்களா? பாக்குத் தோட்டம் இருக்கு, ஒரே பையன், குடிக்க மாட்டான்... மஞ்சப்பா உங்களுக்கு நல்லாத்தான் பாடம் சொல்லிக் குடுத்திருக்கான். ஆமா, பரசு குடிக்க மாட்டான். சொட்டு தொட மாட்டான்.

மொதப் பொண்டாட்டி கதையும் சொல்லிட்டானா? பரவால்லயே! பஸ் வசதி இல்லாத ஊர்ல இருக்க முடியாதுன்னு பொறந்த வீட்டுக்கு ஓடிட்டா, அதானே? ஊரே அப்படித்தான் சொல்லுது. ரோடு பாவம், வாயில்லாதது. யாரு என்ன பழி போட்டாலும் கேட்டுக்கிட்டுக் கெடக்கும்.

சைலான்னு பேரு அந்தப் பொண்ணுக்கு. மலைக்கு அந்தப் பக்கம். அவங்க ஊருக்கு இந்தக் கைகாட்டி கூடக் கெடையாது. அவளா ரோடு இல்லேன்னு போவா? அடி தாங்காமப் போனா. சாதத்துல கல்லு கெடந்தா அடி. அம்மாகூட போன்ல பேசினா அடி. குடிச்சிட்டு அடிச்சாலாவது குடியத் திட்டிட்டுப் போகலாம். அவன் குளிச்சு, சாமி கும்பிட்டு, நெத்தியில குங்குமம் வச்சிக்கிட்டு வந்து அடிப்பான். ஒரு நாள் காது கிழிஞ்சு ரவிக்கையெல்லாம் ரத்தம். மத்தியானம் அவன் தூங்கறப்போ, இடுப்பளவு தண்ணியில கையக் கோத்துக்கிட்டு ஓடையத் தாண்டி வந்து, இந்த பஸ்லதான் ஏத்தி விட்டேன்.  அவ என் கைய விட மாட்டேன்னுட்டா.

எனக்கு எப்படித் தெரியும்னா? ஒரே வீடுதானேங்க. அவனப் பெத்தவ நான்தான்.

எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. கைகாட்டி வந்துருச்சு. பஸ் கடைசி வரைக்கும் போயிட்டு இதே வழியாத்தான் திரும்பும், அப்படியே சாகரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்குங்க. ரோடு சரியில்லேன்னு போன்ல சொல்லிருங்க, எங்க ஊர்ல எதுக்கும் அது செல்லும். இந்தாங்க, மைசூர்பாகு. உங்களுக்குன்னுதான் பரசு வாங்கிட்டு வரச் சொன்னான். பொண்ணுக்குக் குடுங்க.

கண்டக்டர்! ஹுலிகொப்பா ஒரு ஆளுதான் எறங்குது.