பிரித்துப் போட்ட கண்ணாடிப் பெட்டி

இப்போதெல்லாம் ரிப்பேர் கடையில் யாரும் உட்காருவதில்லை. பொருளை மேசையில் வைப்பார்கள், "எப்ப ரெடியாகும்?" என்பார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பார்த்துக்கொண்டே படி இறங்கிவிடுவார்கள். எதிரில் இருப்பது மனுஷனா மரக்கட்டையா என்றுகூடப் பார்ப்பது கிடையாது. என் கடையில் வருகிறவர்களுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷமும் அதைத் துடைத்து வைத்ததுதான் மிச்சம்.

கேட்டதற்குப் பதில் சொல் என்று முறைக்க வேண்டாம் சார். அதைத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

டிரைவர் என் கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். துணிப்பையிலிருந்து அந்த வி.ஆர். ஹெட்செட்டை எடுத்து வைத்தார். கண்ணை மூடிக் கட்டிக்கொண்டால் காடும் கடலும் நம்மைச் சுற்றி இருப்பதுபோல் காட்டுமே, அந்தப் பெட்டி. வலது கண்ணில் படம் வரவில்லை என்றார். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்தார்.

"இதையெல்லாம் பிரிக்க வருமா அண்ணே உங்களுக்கு?"

"நாப்பது வருஷமா டிவி பிரிக்கிறேன். இதுக்குள்ள இருக்கறது ரெண்டு குட்டி டிவி, அவ்வளவுதான்."

"பிரிக்கிறது சரி. பிரிச்சதைத் திருப்பி மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஒரு மணி நேரம் இருந்தார். பிரேக் பிடிக்காமல் போன பஸ்ஸை மணல் குவியலில் ஏற்றி நிறுத்திய கதையைச் சொன்னார். நான் என் முதலாளி கதையைச் சொன்னேன். யாரிடமாவது கதை சொல்லி எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் போன பிறகுதான் யோசித்தேன்.

அன்றைக்கே பெட்டியைத் திறந்தேன். முகத்தில் படுகிற ஸ்பாஞ்சை உரித்தால் அடியில் நாலு ஸ்க்ரூ. அதைக் கழற்றிவிட்டு, விளிம்பில் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி மெல்ல நெம்ப வேண்டும். இரும்பால் நெம்பினால் உள்ளே இருக்கும் கொக்கிகள் உடைந்துவிடும். வலது திரைக்குப் போகிற தட்டை ஒயர், காகிதம் போல இருக்கும், பாதி நழுவி நின்றது. அதைப் பிடித்து நிற்கிற குட்டிப் பூட்டைத் தூக்கி, ஒயரை நேராக உள்ளே தள்ளி, பூட்டை அழுத்தினேன். படம் வந்துவிட்டது. மொத்தம் அரை மணி நேர வேலை.

மறுநாள் அதைச் சொல்லத்தான் இருந்தேன். அவர் வரும்போதே இரண்டு டீ வாங்கி வந்திருந்தார். ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு பார்ட் வரணும்" என்றேன்.

தினமும் வந்தார். நான் முகம் மழிக்கத் தொடங்கினேன். சட்டையை இஸ்திரி போட்டேன்.

நான்காம் நாள்தான் பெட்டி யாருக்கு என்று தெரிந்தது. அடுப்பு வெடித்து அவர் மனைவிக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை வெந்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸ் வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைத்துக் கட்டுவாள். வலி மாத்திரை கொடுத்தால் வாந்தி. நர்ஸ் சொல்லித்தான் இந்தப் பெட்டியை வாங்கினார்களாம். மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இருப்பாளாம். அதற்குள் நர்ஸ் வேலையை முடித்துவிடுவாளாம்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் போனில் கூப்பிட்டாள். டிரைவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணே, எப்பண்ணே தருவீங்க? உள்ள ஒரு ஆமை வரும்ணே. மெதுவா வந்து என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிரும். மாமியார்னு பேர் வெச்சிருக்கேன். அதைப் பாக்காம எனக்கு ஓடலைண்ணே."

"பார்ட் வரட்டும்மா."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. நேத்து நான் போட்ட சத்தத்துல நர்ஸ் அழுதுருச்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலி இருப்பது தோலில். கண்ணுக்கு ஆமையைக் காட்டினால் தோலுக்கு என்ன? டிவி பார்க்கிறவனைக் கொசு கடிக்காதா? விற்கிறவன் ஆயிரம் சொல்வான், படித்தவர்கள் தலையாட்டுவார்கள். நான் அப்படித் தலையாட்டுகிற ஆள் இல்லை.

பார்ட் துறைமுகத்தில் நிற்கிறது என்றேன். பிறகு தப்பான பார்ட் வந்துவிட்டது, திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவர் தினமும் வீட்டு விஷயம் சொல்வார். மூன்று நாள் முன்னால் துண்டைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். நேற்றுக் கையெடுத்துக் கும்பிட்டாள், பார்க்க முடியாமல் நானே நர்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். நான் அவர் தோளில் கை வைத்தேன். ஆறுதல் சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள், "தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே, நாளைக்கு வேற கடையில காட்டிப் பாக்குறேன்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேறு கடைக்குப் போகிறேன் என்கிறவன் பொருளைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். முழுசாக இருக்கிற பொருளைத்தான் பையில் போட்டுக்கொண்டு போவான். பிரிந்து கிடப்பதை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. இன்னொரு கடைக்காரனும் அதைத் தொடமாட்டான்.

அவர் போனதும் பிரித்தேன். அவசரப்படவில்லை. இரண்டு லென்ஸ், இரண்டு திரை, மூலைக்கு ஒன்றாக நாலு சின்ன கேமரா, காற்றாடி, பேட்டரி, போர்டு. ஸ்க்ரூ மட்டும் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் தட்டில் பரப்பி வைத்தேன். எதையும் உடைக்கவில்லை. உடைக்கிறவன் நான் இல்லை.

மறுநாள் துணிப்பையோடு வந்தார். தட்டைப் பார்த்தார். பையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு கதைகள் குறைந்தன. காய்ச்சல் என்றார். புண்ணில் நாற்றம் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றார். அப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வந்து பத்து நிமிஷம் இருந்துவிட்டுத்தான் போவார். இருபத்துமூன்றாம் நாள் வரவில்லை. நானே போய் இரண்டு டீ வாங்கி வைத்தேன். இரண்டும் ஆறிப்போயின. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு அவர் தெருவுக்குப் போனேன். வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. நான் உட்காராமல் திரும்பிவிட்டேன்.

ஒரே காலை நேரத்தில் பெட்டியை முழுசாக மாட்டினேன். ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் விழவில்லை. அந்த அம்மாள் போய்ப் பத்து நாள் கழித்து எடுத்துக்கொண்டு போனேன். பொருள் அவருடையது, கொடுப்பதுதானே முறை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த கட்டுத் துணிகளை எடுத்துப் போக அந்த நர்ஸும் வந்திருந்தாள்.

"பார்ட் வந்துடுச்சு" என்றேன்.

"பழைய பார்ட் எங்க?" என்றாள் நர்ஸ்.

மாற்றிய பார்ட்டை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுப்பது வழக்கம். நாற்பது வருஷத்தில் நான் தவறியதில்லை. கடையில் பழைய சாமான் பெட்டி நிறைய இருக்கிறது, ஏதோ ஒன்றை எடுத்து வந்திருக்கலாம். தோன்றவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

டிரைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னைக்குச் சரியாச்சு?"

"மொத நாளே."

அவர் பெட்டியை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு, "அண்ணே, சும்மா வந்து உக்காருன்னு சொல்லியிருந்தா, நான் தினமும் வந்திருப்பேனே" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பொருள் கைக்கு வந்த பிறகு திரும்பி வந்தவன் ஒருவனை நான் பார்த்ததில்லை.

புகார் கொடுத்தது நர்ஸ். அவர் கொடுக்கவில்லை. அதைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். பெட்டி வலியைக் குறைக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று. கேட்டதால் சொல்கிறேன். அந்த அம்மாள் போனில் பேசினாளே, அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைச் சூடாக்கி முழங்கைக்குக் கீழே வைத்தேன். ஒன்று எண்ணுவதற்குள் கை தானாக விலகிவிட்டது. பிறகு பெட்டியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரல் தள்ளி மறுபடி வைத்தேன். அந்த ஆமை வந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி நீந்தியது. அதன் பின்னாலேயே போனேன், எண்ண மறந்துவிட்டேன். தோல் கருகுகிற வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் அயர்னை எடுத்தேன். இதோ பாருங்கள். மிளகு அளவு இருப்பது முதல் தழும்பு. கட்டைவிரல் அகலம் இருப்பது இரண்டாவது.

அதனால் என்ன? ஒரு தடவை செய்து பார்ப்பது சோதனை ஆகாது. என் தோல் நாற்பது வருஷமாகச் சூடு பட்டுத் தடித்துப்போனது. அந்த அம்மாள் தோலுக்கு அது பொருந்தும் என்று யார் கண்டது?

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சரி. அந்தப் பெட்டியை என் முன்னால் நகர்த்தி நகர்த்தி வைக்காதீர்கள், அதை நான் போதுமான அளவு பார்த்தாயிற்று. காவலர் காத்திருக்கிறார், நான் எழுந்துகொள்கிறேன். வலியைக் கண்ணாடி தீர்க்கும் என்று நீங்கள் வேண்டுமானால் நம்பிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வருகிறேன்.