‘மீன்’ என்று குரல் கொடுக்கக் கற்பித்தவருக்கு

வலை தாண்டி வரும் வேகத்தை வளைத்துப் பிடித்த வல்லவரே! டென்மார்க்கில் பிறந்து, செஞ்சிக் கோட்டையைக் காண வந்து, சிங்கவரம் சாலையின் பழைய மல்லாட்டை (வேர்க்கடலை) கிடங்கில் மட்டைச் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்து, எங்களோடே தங்கிவிட்ட எங்கள் இறகுப்பந்து மன்றப் பயிற்சியாளர் எஸ்பென் ராவ்ன் அவர்களே! வணக்கம். தங்களைப் பாராட்டவே கூடியிருக்கிறோம். பாராட்டோடு பயமும் சேர்ந்தே வருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இரட்டையர் ஆட்டமே தங்கள் வாழ்வு. நண்பர் நில்ஸ் பின்னால் நின்று அடிக்க, தாங்கள் முன்னால் நின்று முடிக்க, ஐரோப்பிய அரங்குகள் அதிர ஆடினீர்கள். ஓர் இறுதி ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே ஒரு பந்து வந்தது. அவர் எடுப்பார் என்று தாங்களும், தாங்கள் எடுப்பீர்கள் என்று அவரும் வாய் திறக்கவில்லை. இருவரும் ஒன்றாக வீச, தங்கள் மட்டை அவர் இடக்கண்ணைப் பறித்தது. அதன்பின் வேறு இணைகளோடு ஆடிப் பதக்கங்கள் பல பெற்றீர்கள். ஆனால் பந்து வரும்போதெல்லாம் பயமும் கூடவே வந்தது என்று எங்களிடம் ஒளிக்காமல் சொன்னீர்கள்.

அந்தப் பயமே எங்களுக்குப் பாதுகாப்பாய் அமைந்தது. பந்து நடுவில் வந்தால் எடுப்பவர் ‘என்னுடையது’ என்று குரல் கொடுக்க வேண்டும் எனக் கற்பித்தீர்கள். அதற்குத் தங்கள் தாய்மொழிச் சொல் எங்கள் காதில் ‘மீன்’ என்றே விழுந்தது. புழு பூச்சிக்கும் தீங்கு நினையாத சமணக் குடும்பத்தாராகிய நாங்கள் பொழுது சாயுமுன் உண்டுவிட்டு வந்து ‘மீன், மீன்’ என்று முழங்கினோம். மன்றத்தில் தங்கள் இணையான மளிகை வணிகர் அஜித்நாதனின் தாயார் ராஜமதி அம்மையார் அதைக் கேட்டுப் பதறி ஓடி வந்தார்.

“இன்னாப்பா இது, நம்ம வூட்டுப் புள்ளைங்க வாயில மீனு?”

தாங்கள் சிரிக்கவில்லை. “சத்தம் இல்லன்னா கண்ணு போயிடும்மா” என்றீர்கள். அன்று முதல், பந்து நடுவில் வந்தால் அம்மையாரே வாசலிலிருந்து குரல் கொடுக்கிறார்.

சென்ற மாதம் பனமலை ஆட்டத்தில் தங்களுக்குப் பின்னாலிருந்து அஜித்நாதன் ‘மீன்’ என்றார். உரக்க மறுபடியும் சொன்னார். தாங்கள் விலகவில்லை, பின்வீச்சில் மட்டை அவர் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது. தங்கள் காது மங்கி வருவதை அப்போதுதான் அறிந்தோம். ரத்தத்தைப் பார்த்துத் தாங்கள் தரையில் அமர்ந்துவிட்டீர்கள். அன்றே மட்டையை உறையிலிட்டுப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடை கேட்டீர்கள்.

அஞ்சுகிறோம் ஐயா. கடைத்தெருவைக் கடக்கையில் தங்களுக்கு ஹாரன் கேட்குமா என்று அஞ்சுகிறோம். கேட்டதுபோல் தலையாட்டியே மெல்ல மெல்ல எங்களைவிட்டு விலகிவிடுவீர்களோ என்று அதனினும் அஞ்சுகிறோம். இதை நாங்கள் வாசிக்கும் இந்நேரமும் தலையாட்டுகிறீர்கள். கேட்கிறதா என்று தெரியவில்லை. எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பீர்கள் என்பதால் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டமிட்டுத் தருகிறோம்.

நோயின்றி நெடுங்காலம், எங்கள் கண்ணெதிரே வாழ்க! நில்ஸின் கண்ணை எண்ணித் தாங்கள் தனியே சுமந்த அச்சம் இப்போது பந்துபோல் நமக்கு நடுவே வந்து விழுகிறது. இம்முறை எவரும் வாய்மூடி நிற்கப் போவதில்லை. தங்கள் காதில் விழாவிட்டாலும் சொல்கிறோம்:

மீன்.

இங்ஙனம்,
புருவத்தில் தையல் தழும்போடு இதை வாசிக்கும் அஜித்நாதனும்
மன்ற ஊழியர்களும் உறுப்பினர்களும்,
செஞ்சி.