வசனம் எடுத்துக் கொடுத்தவள்

எலுமிச்சை பிழிந்த தேநீர் ஆறிப்போனால் நன்றாக இருக்காது. குடித்துக்கொண்டே கேளுங்கள், ஐயா, எனக்கு அவசரமில்லை.

போலந்தின் கிராக்கவ் நாடக அரங்கில் இருபத்தாறு வருடம் வசனம் எடுத்துக் கொடுப்பவளாக இருந்தேன். மேடை விளிம்பில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் உட்கார்ந்து, நடிகர்கள் தடுமாறினால் அடுத்த சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும். நடிகை போக்னா செர்விக்குக்கு அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. அவள் படம் வெளியானால் ரொட்டிக் கடை வரிசையில்கூட அதுதான் பேச்சு. ஆனாலும் புது நாடகம் என்றால் காலையில் என் வீட்டுக்குத்தான் வருவாள். நான் படிக்கப் படிக்க மனப்பாடம் செய்வாள்.

ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு வார்சாவிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய அரங்கு, கூடவே இரண்டு படங்கள்.

"அங்கயும் எடுத்துக் கொடுக்க ஒருத்தி இருப்பா. நீ கொஞ்சம் ஓய்வெடு, ஸ்டெஃபா" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அவள் பேசிப் பேர் வாங்கிய வசனமெல்லாம் முதலில் என் வாயிலிருந்து வந்தவை. அதை இன்னொருத்திக்குக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவளுடைய அம்மா ஞாபக மறதி நோய் வந்து, பெற்ற மகளையே யாரென்று கேட்டபடி இறந்தவர். போக்னாவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அது எனக்கு மட்டுமே தெரியும்.

நாடகப் பிரதியைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. அவளுடைய பிரதியில் பக்கத்துக்கு ஒரு சொல்லை மாற்றினேன். ஒத்திகையில் அதையே பேசினாள், இயக்குநர் திருத்தினார். இடைவேளையில் அவள் பிரதியைத் தேடி எடுப்பதற்குள் நான் சரியான தாளை வைத்துவிடுவேன். மூன்று வாரத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் பிரதியைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். முதல் காட்சியன்று, இரண்டாம் அங்கத்தில், அப்படியே நின்றுவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் தாளைப் புரட்டினேன். திரையை இறக்கிவிட்டார்கள்.

வார்சாவுக்கு வரவில்லை என்று அவளே எழுதிப் போட்டாள். என் வீட்டோடு வந்து தங்கினாள். அவளைச் சோதித்த மருத்துவர், நினைவில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தார். தபாலை வாங்கியது நான். அடுப்பில் போட்டேன்.

ஒன்பது வருடம் பீட்ரூட் சூப் வைத்துக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். அலமாரிகளில் உப்பு, கரண்டி என்று எழுதி ஒட்டினேன். கண்ணாடியில் அவள் பெயரை ஒட்டினேன். அந்த மருத்துவர் அவளுடைய அண்ணன் மகளைத் தற்செயலாகச் சந்திக்காவிட்டால், அந்தப் பெண் புகார் கொடுத்து நீங்கள் விசாரிக்க வந்திருக்கவே மாட்டீர்கள்.

நேற்று முதல்முறையாக வந்து எல்லாவற்றையும் அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். அவளும் தலையாட்டிக் கேட்டாள். நீங்கள் மாட்டியிருந்த கோட்டை எடுக்கத் திரும்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டெஃபா, இவரு முன்னாடியும் வந்து இதையே சொன்னாரா? எனக்குத்தான் மறந்துபோச்சா?"

"ஆமா போக்னா, நாலு தடவ வந்துட்டாரு" என்றேன்.

அவள் மனம் குழம்பிவிடக் கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன்.