மணி அடிக்காத கருவியும் மண்டியிடாத பேட்ரிசியாவும்

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் அருள்நாதன் அவர்களே, தென்னூர்ப் பெரியோர்களே, அனலில் நின்று ஊருக்கு அன்னம் படைக்கும் அன்னையரே, சமையல் தொழிலாளர் சங்கத் தோழர்களே, உங்கள் செயலாளர் ராசப்பனின் வணக்கம்.

போன ஆவணியில், திருவரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், நம் மாரியாயி அடுக்களைக்குள் நுழைந்தார். கேஸ் வாடை. சுவரில் இருந்த எச்சரிக்கைக் கருவியோ ஊமையாய் இருந்தது.

"மணி அடிக்கலையே, பத்த வைங்க" என்றார் மேலாளர்.

பற்ற வைத்தாரா மாரியாயி? சிலிண்டரை மூடினார், சன்னல்களைத் திறந்தார், சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். அந்தக் கருவியைக் கழற்றி, கல்லூரிப் பௌதிக ஆசிரியை பேட்ரிசியாவிடம் கொண்டுபோனோம். அதைச் செய்த கம்பெனியின் கருவிகளைச் சோதித்துச் சான்று தருபவர் அவர்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கருவிகளை வைத்து கேஸைச் செலுத்தினார். புதியது உடனே அலறியது. மண்டபத்துக் கருவி வாய் திறக்கவில்லை. ஏன்? உள்ளே வெள்ளீய ஆக்சைடு பூசிய சிறு குழல் ஒன்று எப்போதும் சூடாக இருக்கும். கேஸ் பட்டால் அதில் மின்சாரம் கூடுதலாக ஓடும், மணி அடிக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் கிடந்து அது மரத்துப் போயிருந்தது.

கம்பெனி ஆள் ஓடி வந்தார்.

"மேடம், நாங்க புதுசுக்குத்தானே சான்று கேட்டோம். அதை மட்டும் எழுதுங்க."

"கருவிக்கு என்ன வயசுன்னு கேட்டுட்டா கேஸ் கசியுது?"

"அப்ப இனிமே எங்க வேலை உங்க கல்லூரிக்கு வராது."

"வர வேண்டாங்க. மண்டபங்கள்ல இருக்கிற பழசையெல்லாம் சோதிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

சோதனை வேலை போனது. வசவு வந்தது. வளைந்தாரா? வாய் மூடினாரா? மண்டபம் மண்டபமாய் ஏறினார். நம் பெண்களின் கண்முன்னே கருவிகளைச் சோதித்தார். பாதிக் கருவிகள் மணி அடிக்கவில்லை. என்ன முதலாளி அய்யா, பின்வரிசையில் முணுமுணுப்பு? ஆம், உங்கள் மண்டபமும் சேர்த்துத்தான்.

அந்த மண்டபங்களில் நம் பெண்கள் அடுப்பைத் தொடவில்லை. முதலாளிகள் மிரட்டினார்கள், மாப்பிள்ளை வீட்டார் மன்றாடினார்கள். பழைய கருவிகள் இறங்கிப் புதியவை ஏறிய பிறகே உலை வைத்தோம்.

புதியதும் ஒருநாள் பழையதாகும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை வேண்டும் என்கிறோம். பெயரைக் கெடுத்தார் என்று பேட்ரிசியா மீது வழக்குப் போடுவோம் என்கிறது கம்பெனி. போடட்டும். கூண்டில் ஏறப்போவது அவர் ஒருவரா? அவருக்குப் பின்னால், கரண்டி பிடித்த கைகள் அத்தனையும் சாட்சி சொல்ல வரிசையில் நிற்கும். எத்தனை பேரைக் கேட்பார்கள், கேட்கட்டும்.

தூறலிலும் கலையாத உங்களுக்கு நன்றி. அதோ, மாரியாயியின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் பேட்ரிசியா அம்மையார். எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொல்வோம், வாருங்கள்.