ராசா வேசம் போட்ட மகள்

நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

"என்ட மகள் ராசாவா நடிச்சபடியாத்தான் அக்கா, நான் இண்டைக்கு உயிரோட இருக்கிறன்."

"இதென்ன கதை, தங்கச்சி?"

"பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு ரீச்சர் நாடகம் பழக்கினவ. என்ட பிள்ளை வாய்க்குள்ளதான் கதைக்கிறவள். அவளுக்கே ராசா வேசம் குடுத்து, கடைசி வாங்கில இருக்கிறவைக்கும் கேக்கிற மாதிரிக் கதைக்க வைச்சவ. பெரியபிள்ளையான பெட்டைக்கு உது ஏன் எண்டு நான் போய்ச் சண்டை பிடிச்சனான்."

"பிறகு?"

"போன கிழமை கால் வழுக்கிக் கிணத்துக்குள்ள விழுந்திட்டன். வீட்டில அவள் மட்டும்தான். கடற்கரையில வலை இழுத்துக்கொண்டு நிண்ட ஆக்களைக் கூப்பிட்டிருக்கிறாள். அலைச் சத்தத்துக்கு மேலால கேட்டதாம். அவையள்தான் ஓடி வந்து என்னைத் தூக்கினவை."

மூத்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளே! இப்ப ரீச்சரிட்டயோ போறீங்கள்?"

"ஓம் அக்கா. நான் பேசின பேச்சுக்கு எப்பிடி மன்னிப்புக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. என்ட இளையவளையும் நாடகத்தில சேருங்கோ எண்டு கேட்டா, அவ விளங்கிக்கொள்ளுவாதானே?"