ஒன்பதாவது இருக்கையில் இருந்தவர்

எனது பெயர் சவிரிமுத்து கிறிஸ்துராஜா. வயது ஐம்பத்தொன்று. முகவரி இலக்கம் 47, மேப்பிள் வீதி, இல்ஃபோர்ட். தொழில் குழாய் வேலை. சொந்த இடம் மன்னார். ஜேர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். 2009 யூலை 18ஆம் திகதி சனிக்கிழமை காலை எனது வெள்ளை வானில் ஓர் ஆளைக் கட்டிவைத்துக் கடத்தியதாகப் பொலிசுக்குக் கிடைத்த தகவல் தொடர்பாக, தமிழ் உரைபெயர்ப்பாளர் முன்னிலையில், என் சுயவிருப்பத்தில் இதைச் சொல்கிறேன். நான் ஒருவரையும் கடத்தவில்லை. உரைபெயர்ப்பாளர் சிரிப்பதை நிறுத்தினால் விரைவாகச் சொல்லி முடிப்பேன்.

எனது மனைவி இம்மாகுலேற்றின் தம்பி யாக்கோப்பு வன்னியில் இருந்தவர். ஜனவரிக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் உயிரோடு இருந்தால் அந்தோனியாரை வீட்டுக்கு அழைத்து ஒரு கிழமை செபமாலை சொல்லுவதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். எங்கள் கோயில் பங்கில் தமிழ்ச் சனங்களுக்கு என்று ஓர் அந்தோனியார் சுரூபம் உண்டு; நாலடி உயரம், கையில் குழந்தை யேசு. அது கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். சண்டை முடிந்து யூன் மாதம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய போனில் யாக்கோப்பு கதைத்தார். மனைவி அன்று சமைக்கவில்லை. நானும் சாப்பாடு கேட்கவில்லை.

அதன் பின்னர், அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று மகள் டயனா இன்டர்நெட்டில் தேடி, இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் சிர்மியோனே என்ற ஊரில் ஒரு வில்லாவைப் பிடித்தாள். தம்பி முகாமில் கிடக்க எனக்கென்ன ஹொலிடே என்று மனைவி மறுத்தாள். அடுத்த முறை யாக்கோப்பு போன் எடுத்தபோது அவரிடமே அதைச் சொன்னாள். அவர் சொன்னது: “போ அக்கா. இஞ்ச ஒரு வாளித் தண்ணிக்கு வரிசையில நிக்கிறம். நீ அந்த ஏரியில எனக்கும் சேத்து முழுகு.” அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை.

வில்லா ஓகஸ்ட் கடைசிக் கிழமை மட்டும்தான் காலியாக இருந்தது. அதைப் பதிவு செய்த பிறகுதான் அந்தோனியார் எங்கள் வீட்டுக்கு வருவதும் அதே கிழமை என்று தெரியவந்தது. சுரூபத்துக்குப் பொறுப்பான சூசைதாசன் அண்ணையிடம் கிழமையை மாற்றித் தரக் கேட்டோம். ஏலாது என்றார். மற்றவர்களும் நேர்த்தி வைத்திருக்கிறார்களாம். உடனே மனைவி, “அப்ப அவர் எங்களோட வரட்டும். பதுவா நகர் அங்கயிருந்து கிட்டத்தானே, அவருக்கும் தன்ர ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும். அவர் வராட்டி நானும் வரேல்ல” என்றாள். சூசைதாசன் அண்ணை யோசித்துவிட்டு, ஒரு விரல்கூட உடையக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

இதில் எனக்குச் சம்மதமில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வானில் ஒன்பது இருக்கைகள். போக இருப்பவர்கள் நாங்கள் நாலு பேர், என் தங்கை பியற்றிஸ் குடும்பம் நாலு பேர், மொத்தம் எட்டுப் பேர். ஒன்பதாவது இருக்கையை நான் ரப்பர் படகுக்கு வைத்திருந்தேன். நான் கடலில் வளர்ந்தவன். ஊரைவிட்டு வந்தபிறகு ஒரு நாளாவது படகில் ஏறியதில்லை. அந்தப் படகை ஆசை ஆசையாக வாங்கி, ஹோலில் வைத்து ஊதிப் பார்த்து, திரும்ப மடித்தும் வைத்திருந்தேன். ஆனால் அந்தோனியாரோடு யார் வழக்குப் பேசுவது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மனைவி கவனிக்கவில்லை.

பிறேக் அடித்தால் சுரூபம் தாங்குமா என்று பார்க்க, சம்பவ தினம் சூசைதாசன் அண்ணையிடம் அதை இரவலாக வாங்கி வந்து ஓர் ஒத்திகை வைத்தோம். மனைவி தலை முதல் கால் வரை குமிழிப் பிளாஸ்ரிக் சுற்றி, வாயும் முகமும் தெரியாமல் பார்சல் கட்டும் மண்ணிற ரேப் ஒட்டி, மேலே ஓர் ஒறேஞ் நிற உயிர்காப்பு அங்கியும் மாட்டியிருந்தாள். குழந்தை யேசுவுக்கும் ஒரு சின்ன அங்கி. நானும் மகன் ஜெஸ்ரினும் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வானில் ஏற்றி சீட் பெல்ற் போட்டோம். ஏற்றும்போது, “மெல்ல, அவருக்கு நோகப்போகுது” என்று நான் சொன்னது உண்மை. பக்கத்து வீட்டு மிஸிஸ் டொலறஸ் மேல்மாடி யன்னலில் நின்றது எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் நான் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பிரதான வீதியில் போய் இரண்டு முறை பலமாகப் பிறேக் அடித்தேன். மூன்றாவது முறை நான் அடிக்கவில்லை; முன்னால் பொலிஸ் வாகனம் குறுக்கே நின்றது. என்னை இறக்கி வானில் கைவைத்து நிற்கச் சொன்னார்கள். ஓர் இளம் பொலிஸ்காரர் உள்ளே ஏறி, “சேர், சேர்” என்று கூப்பிட்டபடி முகத்து ரேப்பை மெதுவாக உரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

இவருக்கு எதற்கு உயிர்காப்பு அங்கி என்று கூட வந்த பெண் பொலிஸ் என்னைக் கேட்டார். குழந்தைக்கு அடிபடாமல் இருக்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, அவர் படகில் போகப்போகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்போதுதான் பார்த்தேன்: சுரூபத்தின் காலுக்குக் கீழே விரித்திருந்த போர்வை விலகியிருந்தது; அதற்கடியில் என் ரப்பர் படகு மெத்தை மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் என்னிடம் தமிழில் சொன்னது: “ஊரில திருநாளுக்கு அந்தோனியாரை வள்ளத்தில கொண்டு போறேல்லையோ? தம்பி பேருக்கு ஏரியில ஒரு சுற்று. நீங்கதான் ஓட்டுவியள்.”

என்ன நடந்தது என்று பெண் பொலிஸ் என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை, சந்தோசம் என்றேன்.

மிஸிஸ் டொலறஸ் மீது எனக்கு முறைப்பாடு கிடையாது. அவர் ஐரிஷ் கத்தோலிக்கர். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டுச் செருப்போடு ஓடிவந்து சிலுவை அடையாளம் போட்டு, அழுது, மன்னிப்புக் கேட்டார். பதுவாவில் தனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் என் வாயால் நான் சொன்னவை. எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன, ஓர் இடத்தைத் தவிர எல்லாம் உண்மை. வானில் போக இருப்பவர்கள் எட்டுப் பேர் என்று மேலே இருப்பது பிழை. ஒன்பது பேர் என்று என் கையால் திருத்தி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. கிறிஸ்துராஜா