நடுக்களத்துக் கம்பம்

அலங்காநல்லூர் வட்டாரத்து விவசாயிகள் கூட்டத்தை அழகுறத் தலைமையேற்று நடத்தும் அம்மையார் சுபலட்சுமி அவர்களே! அருகில் வீற்றிருக்கும் ஆன்றோரே! களையெடுத்த கையைக் கழுவிய ஈரத்தோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வேப்பமரத்தடியில் வண்டி மேல் சாய்ந்தபடியே கேட்கும் மாப்பிள்ளைமார்களே! சிம்மக்கல் பீர் முகமதுவின் சலாமும் வணக்கமும் உங்கள் எல்லோருக்கும்.

நான் பள்ளிக்கூடப் படி மிதிக்காதவன். கருகிய மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருளை, அதுதான் காயிலை, கட்டிக் கட்டியே காலத்தைக் கழித்தவன். எழுத்துத் தெரியாது, ஆனால் என் கடைக்கு வந்த மோட்டார் ஒன்றையும் மறந்தது கிடையாது.

அங்கே யார் சிரிப்பது? அண்ணே, உங்கள் மோட்டாருக்குள் எலி குட்டி போட்ட கதையைச் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி, அப்படியானால் இதைக் கேளுங்கள்.

இவ்வூரில் மூன்று சகோதரர் தோட்டம். சாலையோரம் மூத்தவர் விருமாண்டி. அடுத்து அழகுபாண்டி. கண்மாய்க்கரைக் கடைக்கோடியில், மறைந்துபோன இளையவரின் மனைவி மாயக்காள். நடுவே மூவருக்கும் பொதுவான களம். கிணறு மூன்று, மோட்டார் மூன்று. மின்சாரம் வரும் கம்பமோ ஒன்று.

அந்தக் கம்பத்தை எங்கே நட்டார்கள்? மூத்தவர் கிணற்றடியில்! கோயிலில் முதல் திருநீறு மூத்தவருக்கு; அறுவடையில் முதல் மரக்கால் மூத்தவருக்கு; ஆகவே முதல் கரண்டும் மூத்தவருக்கு! மரியாதை தெரிந்த மண்ணய்யா இது. ஆனால் மின்சாரத்துக்கு மூத்தவர் தெரியுமா? முறை தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் தூரம், தூரம், தூரம்!

அங்கிருந்து மற்ற இருவருக்கும் தென்னைக்குத் தென்னை தொற்றிப்போன மெல்லிய கம்பி. கடைமடைக்குப் போகும் தண்ணீர் வாய்க்காலிலேயே வற்றுவதுபோல, கடைக்கோடிக்குப் போகும் கரண்டும் வழியிலேயே வலுவிழந்தது. வலுவில்லாத கரண்டில் மோட்டார் திணறும், திணறினால் சூடேறும், சூடேறினால் காயில் கருகும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். அதே சித்திரையில் மாயக்காள் மோட்டாரோடு என் கடை வாசலில் இறங்குவார்.

போன சித்திரையிலும் வந்தார். மோட்டாரை இறக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “கட்டிக் குடுங்க பாய். இதுவும் கருகுச்சுன்னா மல்லியப் பிடுங்கிப் போட்டுட்டு விளாங்குடிக்குத் துணி தைக்கப் போயிருவேன். வாடுன கொல்லையப் பாத்துக்கிட்டு எம்புட்டு நாளைக்கு உக்காந்திருக்க?”

காயிலைக் கட்டிக் கொடுத்தேன்; ஆனால் கம்பி மாறாமல் அது நிற்காது என்று எனக்குத் தெரியும்.

நம் ராஜபாண்டி மகள் பவதாரிணி மின்சாரம் படித்த பொறியாளர். அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எந்த மோட்டார் எம்புட்டு இழுக்கும், மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மிஷின் எப்போது ஓடும், மாட்டுக்கொட்டத்தில் எத்தனை விளக்கு என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். கேட்டுவிட்டு, கம்பமும் மெயின் போர்டும் நடுக்களத்துக்கு வரவேண்டும் என்றார். அங்கிருந்து ஆளுக்கொரு தனிக் கேபிள், தனிப் பீஸ் கட்டை. தூரம் போகிற கேபிள் கனமாக இருக்கட்டும். ஒருவர் பக்கம் பழுதானால் மற்றவர் பக்கம் நிற்காது என்றார்.

எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் அந்தக் களத்தில் ஒரு முளைக்குச்சி இருக்கிறதே! வாடிவாசலில் எவர் கைக்கும் சிக்காத விருமாண்டியின் காளை கட்டிய முளைக்குச்சி! காளை உரசும் இடத்தில் போர்டு நிற்கலாமா? முளையை மாற்றச் சொன்னோம். விருமாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. “மூத்தவன் வாசல்ல வந்து நின்ன கரண்டு, இனிமே நடுவுல நின்னு எனக்கும் பங்கு வைக்குமாக்கும்?” என்று துண்டை உதறிப் போய்விட்டார்.

நாளைக் காலையில் குழி தோண்ட ஆள் வருகிறது. எங்கே தோண்டுவது? அதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன்.

விருமாண்டி அண்ணே, என் மகள் இஷ்ரத் நிக்காஹ் விருந்து நினைவிருக்கிறதா? எங்களில் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து உண்போம். அதற்குச் சஹன் என்று பெயர். உங்களுக்குத் தனி இலை போடவா என்று கேட்டேன். “எனக்கு மட்டும் எதுக்குய்யா தனி எலை?” என்று சம்மணமிட்டீர்கள். சோறும் கறியும் நடுவில். சுற்றி இருந்தவர்களில் முதல்வர் யார், கடைசி யார்? எல்லோர் கைக்கும் ஒரே தூரம்! உங்கள் தம்பி, மாயக்காளின் கணவர், கூச்சத்தில் கையை மடக்கியிருந்தார். நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிவிட்டது எந்தக் கை? இந்தக் கைதானே அண்ணே? அன்று சோற்றைத் தள்ளிய கை, இன்று தண்ணீரைத் தடுக்குமா?

கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள். விருமாண்டி அண்ணன் எழுந்து நிற்கிறார். பேசட்டும்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “முளைய நானே பிடுங்குறேன் பாய். ஆனா மொத சுவிச்ச எந்தம்பி பொஞ்சாதிதான் போடணும்” என்கிறார்!

கேட்டீர்களா மக்களே! முதல் மரியாதை இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. அதை வாங்குகிறவர் அல்ல மூத்தவர். எடுத்துக் கொடுக்கிறவரே மூத்தவர்! நடுவில் நிற்கட்டும் கம்பம்! நாலு திசைக்கும் பாயட்டும் வெளிச்சம்! கடைக்கோடி வாய்க்காலும் கரைபுரளட்டும்!

மாயக்கா, கண்ணைத் துடை தாயி. அடுத்த சித்திரையில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாயானால் கடையைச் சாத்திவிடுவேன். மல்லிகையோடு வா; வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

படிக்காதவன் பேச்சுக்குக் காது கொடுத்த உங்களுக்கு நன்றி. காலையில் கடப்பாரையோடு களத்துக்கு வரப்போகிறவர்களுக்கு இப்போதே என் வணக்கம்.